கடைசிக் கட்டத்தின் மேல் ஒரு சீட்டு

மழையும் அவனும் ஒரே நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். மழைக்காவது வாசலோடு நின்றுகொள்ளும் நாகரிகம் இருந்தது... அவனுக்கு அதுவும் இல்லை. சொட்டச் சொட்ட நேராக உள்ளே வந்து, கையிலிருந்த அட்டைப்பெட்டியை அவளுடைய மேசைமேல் வைத்தான். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கிளம்பி அவளுடைய பதிவேட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது.

அவள் கோபக்காரி. அதை மூடி மறைத்து ஒரு பயனும் இல்லை. நகர நூலகத்தின் இளையோர் பிரிவு அவள் பொறுப்பு. அங்கே வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் உஷ் மிஸ். சத்தம் போட்டால் ஒரு 'உஷ்'... கூடவே ஒரு பார்வை. அவ்வளவுதான். ஏற்கெனவே பெரிய கண்கள். கோபம் வந்தால் இன்னும் பெரிதாகும். அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு இரண்டாவது முறை சத்தம் போட்டவர்கள் இதுவரை யாரும் இல்லை.

பதிவேட்டைத் தூக்கி ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். முப்பத்தாறு கிராபிக் நாவல்கள். போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு அவளே கட்டி அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஒரு துண்டுச்சீட்டு செருகியிருந்தது. 'பழுது. பக்கங்கள் பின்னிருந்து முன்னாகக் கட்டப்பட்டுள்ளன. திருப்பி அனுப்பவும்.'

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த வகைப் படக்கதைகள் வலமிருந்து இடமாக ஓடும். பின்அட்டை என்று நாம் நினைப்பதுதான் அவற்றுக்கு முன்அட்டை. புத்தகம் என்றாலே காத தூரம் ஓடும் பிள்ளைகள் இவற்றையாவது கையில் எடுப்பார்கள் என்று நம்பி, இரண்டு வருடமாக ஏழு பள்ளிகளின் படியேறி இறங்கியிருக்கிறாள். மாதம் ஒரு பெட்டி அனுப்ப ஒரே ஒரு பள்ளிதான் சம்மதித்தது. அந்த ஒன்றும் இப்போது பழுது என்கிறது...

"சார், நீங்க வாத்தியாரா?"

"ஆமா மேடம். கணக்கு. லைப்ரரி பீரியடும் நான்தான்..."

"நல்லவேளை, மொழிப்பாடம் இல்ல. இது வலது பக்கத்துலேருந்து படிக்கற புத்தகம். பதிமூணு வயசுப் பசங்களுக்குத் தெரியுது. ரெண்டு பக்கம் புரட்டியிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். புரட்டக்கூடச் சோம்பேறித்தனம்னா, நீங்கள்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வர்றீங்க?"

அவன் வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான். இமையோரத்தில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது. அதைத் துடைக்காமல் அவளையே பார்த்தான். பிறகு, தப்புதான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வந்த மழைக்குள்ளேயே இறங்கிப் போய்விட்டான்.

வரிசையில் அவனுடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒரு வாத்தியார் பொது இடத்தில் திட்டு வாங்கினால் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் முறைத்தார்கள். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த மழைத்துளிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது, அதற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

பிள்ளைகள் மூலம் விஷயம் போய், மறுநாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தலைமையாசிரியை கையெழுத்து. எங்கள் ஆசிரியரைப் பொதுமக்கள் முன்னிலையில் அவமதித்ததற்கு எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்; தவறினால் வெள்ளிக்கிழமையோடு முடியும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. தட்டச்சு செய்த வரிகளுக்குக் கீழே, போதாதென்று, கையால் ஒரு வரி. 'ஒழுங்கு முக்கியம்.'

வருத்தமா... நானா... என்று கடிதத்தைக் கசக்கப் போனவள் நின்றாள். பச்சை மை. 'ஒழுங்கு'வில் இருந்த அந்த ழு, வாலை நீட்டி ஒரு சுழி சுழித்து நின்றது. இந்தச் சுழியை எங்கோ பார்த்திருக்கிறாளே... துண்டுச்சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். 'பழுது'. அதே ழு, அதே வால், அதே சுழி.

அப்படியானால் பழுது என்று எழுதியது அவன் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் அவளுக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும். இரண்டு மடங்கானது. புதன்கிழமை மதிய இடைவேளையில், கைப்பையில் ஒரு படக்கதையும் இரண்டு தாள்களுமாகப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றாள். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் யாரும் இல்லை. அவன் மட்டும் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தான். கை, மூக்கு, சட்டை எல்லாம் சுண்ணாம்புத் தூள். அந்த நிலையிலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தான்... சே, வந்த வேலையைப் பார் என்று மனதை ஒரு அதட்டு அதட்டினாள்.

இரண்டு தாள்களையும் மேசைமேல் போட்டு, இது யார் எழுத்து என்று கேட்டாள். அவன் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினான். தலைமையாசிரியை உங்களுக்கு யார் என்று கேட்டாள்.

"அக்கா."

பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. அம்மா அப்பா இல்லாத வீடு. அவனைப் படிக்க வைத்ததே அக்காதான். தலைமை நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவள் எப்போது சறுக்குவாள் என்று பாதி ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள். போன வாரம் அவன் தேர்வுப் பணிக்கு வெளியே போயிருந்தபோது பெட்டியைச் சோதித்துப் பார்த்து, அத்தனையிலும் பழுது என்று எழுதி வைத்துவிட்டாள். அதைத் திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அவன் கையில் கொடுத்து, போய்த் திருப்பிக் கொடு என்றாள். அங்கே வைத்து, அக்கா, புத்தகத்தை நீதான் தலைகீழாகத் திறந்தாய் என்று அவனால் சொல்ல முடியவில்லை. நூலகத்தில் தனியாகப் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறான். வலமிருந்து இடமாகப் படிக்க அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தானாம்.

அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்பது இப்போது உறைத்தது. முகம் சுட்டது.

"அக்கா மரியாதையைக் காப்பாத்திட்டீங்க, சரி. என்னை என்ன பண்ணீங்க தெரியுமா? ஒரு தப்பும் பண்ணாத மனுஷனை நாலு பேர் முன்னாடி நார் நாராக் கிழிக்க விட்டீங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்ல விட்டீங்களா?"

அவன் குரல் உயர்ந்தது. இவனுக்கும் கோபம் வருமா என்று அவள் அசந்துபோனாள். அவள் கைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த படக்கதையை அவனே உருவிக் கையில் எடுத்தான்.

"இது வலமிருந்து இடம். ஒத்துக்கறேன். அப்போ கடைசிப் பக்கம் எது, நீங்களே காட்டுங்க."

இதைக்கூடக் காட்டத் தெரியாதா என்று வேகமாக இடப்பக்க அட்டையைத் திறந்தாள். கை அப்படியே நின்றது.

கடைசிப் பக்கத்தில், கதை முடிகிற கடைசிக் கட்டத்தின் மேல், புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய நாளைக் குறிக்கும் தேதிச் சீட்டு. ஓரம் பிசகாமல், நன்றாக அழுத்தி ஒட்டிய தேதிச் சீட்டு. முப்பத்தாறையும் ஒரே மத்தியானத்தில் ஒட்டியது அவளேதான். எட்டு வருடமாக எந்தப் புத்தகம் வந்தாலும் இடப்பக்க அட்டையைத் திறந்து ஒட்டிப் பழகிய கை... அன்றும் தன்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது.

ஒரு மாதமாகப் பிள்ளைகளுக்கு ஒரு கதைக்கும் முடிவு தெரியவில்லை. சிலர் சீட்டைப் பிய்க்கப் பார்த்தார்களாம். அவன்தான் தடுத்து, அடியில் என்ன இருக்கும் என்று நீங்களே வரைந்து கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். அலமாரியைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து அவள் முன் வைத்தான். எண்பது தொண்ணூறு இருக்கும். ஒரு வீட்டுப்பாடமும் செய்துவந்திராத ஒரு பையன் ஒரே கதைக்கு நான்கு முடிவு வரைந்திருந்தான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், கதாநாயகி கத்துகிற மாதிரி வரைந்து, பேச்சுக் குமிழைப் பக்கம் முழுக்க ஊதி வைத்திருந்தாள். நூலகத்திலிருந்து அவள் அனுப்பிய பெட்டியால் நடந்தது இது. அவளுடைய தப்பாலும்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை அவன் பார்த்துவிட்டான் என்பதில் இன்னும் எரிச்சல்.

உண்மையை அக்காவிடம் தானே சொல்லிவிடுவதாக அவன் சொன்னான். சொல்கிற ஆளாக இருந்தால் திங்கட்கிழமையே சொல்லியிருப்பீர்கள், நீங்கள் ஒன்றும் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வியாழக்கிழமை மாலை அவன் நூலகத்துக்கு வந்தான், கையில் அக்காவின் ஹேர் டிரையரோடு. சூடு காட்டினால் பசை இளகும், சீட்டு கிழியாமல் வரும். அவன் சூடு காட்ட, அவள் உரித்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பிடிவாதமாகப் பெய்துகொண்டிருந்தது. முதல் பத்துப் புத்தகம் வரை வேலை மட்டும்தான் ஓடியது. பதினோராவதில் அவள் விரலைச் சுட்டுவிட்டான். வேண்டுமென்றே செய்தீர்கள் என்றாள். பழிவாங்குவதாக இருந்தால் பத்து விரலையும் சுட்டிருப்பேனே, கணக்கு சரியாக வரவேண்டாமா என்றான். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தாள்... முடியவில்லை. அந்தச் சிரிப்பை அவன் பார்த்த பார்வையில், பன்னிரண்டாவது சீட்டு கோணலாகக் கிழிந்தது.

முப்பத்தாறும் முடிந்ததும் கடிதத்தைக் காட்டினாள். 'இந்தப் படக்கதைகள் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுபவை. அதை மறந்து, வழக்கம்போல் இடப்பக்க அட்டையைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் மேல் தேதிச் சீட்டை ஒட்டியது என் பிழை. அதனால் முப்பத்தாறு கதைகளின் முடிவும் மாணவர்களுக்கு மறைந்துபோனது. வருந்துகிறேன்.' அவனைத் திட்டியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பழுது என்று எழுதியதைப் பற்றியும் இல்லை.

அவன் இரண்டு முறை படித்தான். "இதுல அக்கா தப்பு எங்கயுமே வரலையே..."

"வராதுதான். என் தப்பு மட்டும்தான் இருக்கு. வேணும்னா கூட்டிப் பாருங்க, கணக்கு சார்."

அவன் கூட்டிப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லு... சொல்லித் தொலையேன்... அவள் காத்திருந்தாள். கிளம்பறேன் மேடம் என்று அவன் ஹேர் டிரையரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று அந்தப் பிரிவில் யாரும் சத்தம் போடாமலே மூன்று பேர் உஷ் வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியையின் அறை. கடிதத்தைப் படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. அவள் கொண்டுவந்திருந்த புத்தகங்களில் ஒன்றைக் கையில் எடுத்தார். இந்த முறை வலப்பக்கத்திலிருந்து திறந்தார். ஐந்தாறு பக்கம் புரட்டினார்.

"இது என் தம்பிக்குத் தெரியுமா?"

சொல்லிவிடலாம், வாய் வரை வந்துவிட்டது. "அதை நீங்க அவர்கிட்டதான் கேக்கணும் மேடம்."

தலைமையாசிரியை பேனாவை எடுத்தார். பச்சை மையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே தள்ளினார். இன்னும் ஒரு வருடம், மாதம் ஒரு பெட்டி. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. தாழ்வாரம் முழுக்கக் கண்ணால் துழாவினாள். அவனை எங்கும் காணோம். எவ்வளவோ நடந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை... போகட்டும், எனக்கென்ன என்று பேருந்தில் ஏறியவளுக்கு, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை நூலகத்தைத் திறந்தபோது அவன் படியில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றான். அக்கா ஆடித் தீர்த்துவிட்டாளாம். ஊர் சிரிப்பதுகூடப் பரவாயில்லை, என் தப்பை என் முகத்துக்கு நேராகச் சொல்ல நீகூடப் பயப்படுகிற மாதிரி ஆகிவிட்டேனா என்று கேட்டு அழுதாளாம். பிறகு அவனும் அழுதானாம்.

"நல்லா வேணும்," என்றாள் அவள்.

"உண்மை பேச ஆரம்பிச்ச வேகத்துல... இன்னொண்ணும் சொல்லிட்டேன்."

"என்ன?"

"உஷ் மிஸ்ஸை எனக்குப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிட்டா அவங்களைத்தான் கட்டிப்பேன்னு."

அவள் முகம் சிவந்தது... அடுத்த நொடி கண்கள் விரிந்தன.

"என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அக்காகிட்டயா சொன்னீங்க? அப்படியே என் பதிலையும் அவங்ககிட்டயே கேட்டுட்டு வந்திருக்கலாமே?"

"கேட்டேன். நீ அவங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறேன்னு சொன்னா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து நாளாக நெஞ்சுக்குள் கிடந்தது மொத்தமாகப் பொங்கி வந்தது.

"திங்கக்கிழமையிலேருந்து நான் ஒழுங்காத் தூங்கல, தெரியுமா? உங்களைத் திட்டினதை நெனச்சுன்னு நானும் என்னை ஏமாத்திக்கிட்டே இருந்தேன். அது இல்ல. நீங்க திரும்ப வராமயே போயிடுவீங்களோன்னு பயம். நேத்து நீங்க தாழ்வாரத்துல இல்ல. அந்தக் கையெழுத்துக்காக ரெண்டு வருஷம் அலைஞ்சேன், அது கையில இருக்கு, எனக்குச் சந்தோஷமே வரல. நீங்க பாட்டுக்குப் பேசாம நின்னுடறீங்க... நான் என்னன்னு எடுத்துக்கறது?"

அவன் எழுந்து நின்றான். இந்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க கோவத்தோட சேர்த்துத்தான். இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

"தப்பு என் மேல இருந்தா?"

"அதையும்."

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள் அவள், சண்டை போடுகிற குரலிலேயே. "அதைச் சொல்ல உங்களுக்கு அஞ்சு நாளா?"