முன்னால் கிளம்பிய பை

பூட்டிய வீட்டுக்குள் யாரோ ஒரு பையின் ஜிப்பை இழுத்தார்கள்.

அழகர்சாமி அடுப்படியில் கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. அந்தமானில் பாம்பூஃப்ளாட் மேட்டில் அவர் வீடும் சந்திரமோகன் வீடும் ஒரே சுவரில் ஒட்டிய இரட்டை வீடு. அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் சந்திரமோகன் குடும்பத்தோடு மெயின்லேண்ட் போயிருந்தார். சாவி அழகர்சாமியின் இடுப்பில் இருந்தது.

எலி என்று நினைத்துக்கொண்டார். எலி ஜிப்பை இழுக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த வீட்டில் இருந்த பை அவருடையது. காலையில் அவரே கொண்டுபோய் வைத்தது.

எல்லாம் கருப்பாயியின் ஆசை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் அழகர்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மருந்தில் ஒன்றும் இல்லை, கேட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். அவள் கேட்டது ஒன்றுதான். திக்லிபூர் பக்கம் காளிப்பூர் கடற்கரையில் ஆமை கரையேறி முட்டையிடுமாம், அதைப் பார்க்க வேண்டும், மணலில் கால் நீட்டி உட்கார வேண்டும். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது சுனாமி அலை வந்து லயத்து வீடுகளையும் சனத்தையும் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் மணலில் கால் வைத்ததில்லை. அழகர்சாமிக்குக் கடலைக் கண்டால் ஆகாது. ஆனாலும் சரி என்றார். கார் நிக்கோபாரில் வேலை பார்க்கும் மகள் ஜெயராணி போனிலேயே ரூம் பிடித்துக் கொடுத்தாள். பஸ்ஸில் செவ்வாய்க்கிழமைதான் இடம் கிடைத்தது. அங்கேதான் சிக்கல்.

"செவ்வாக்கெழம வடக்கே சூலங்க. திக்லிபூரு வடக்கதான இருக்கு?" என்றாள் கருப்பாயி.

"பஸ்ஸுக்காரன் சூலம் பாத்தா ஓட்டுறான்?"

"அவன் எப்புடியும் ஓட்டட்டும். நம்ம பையத் திங்கக்கெழமயே பக்கத்து வீட்டுல பரஸ்தானமா வச்சிருங்க. பை கெளம்பிருச்சுன்னா நாமளும் கெளம்புன கணக்கு. சூலம் புடிக்காது."

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மனிதரையே நம்பாதவர் பையையா நம்பப் போகிறார்? சாகப் போகிறவள் கேட்கிறாள் என்று செய்தார். அவளுடைய கிளிப்பச்சைச் சேலை, அவருடைய நீலச் சட்டை, வேட்டி, மேலே ஒரு மஞ்சள் துணி. சந்திரமோகன் வீட்டு முன்னறை நாற்காலியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

அப்போதிலிருந்தே கருப்பாயி சரியில்லை. சரியில்லை என்றால், நன்றாக இருந்தாள். அதுதான் பயமாக இருந்தது. மாதக்கணக்காக விடாத இருமல் நின்றுபோனது. கட்டிலில் கிடந்தபடி கூரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"காத்து நல்லா வருதுல்லங்க? சன்னலோரமா உக்காந்த மாதிரி இருக்கு."

ஜன்னல் சாத்தியிருந்தது. அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக, சில்லென்று இருந்தது. கையை மோந்தபோது உப்பு வாடை.

மத்தியானத்துக்குமேல் வானம் கறுத்துவிட்டது. பஸ் ஆபீசுக்குப் போன் போட்டார். எடுத்தவன் ஹிந்தியும் தமிழுமாகக் கத்தினான். "கல் காடி பந்த் ஹை, சாச்சா! தூஃபான்! நாளைக்கு வண்டி கெடயாது, புயலு! ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, காட்டுப் பாதைய அடச்சுட்டாங்க!" ஜெயராணியைக் கூப்பிட்டார். "போனா போகுதுப்பா, ஒரு வாரம் கழிச்சுப் போங்க. ரூம்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை எங்கே போய் வாங்குவது?

கஞ்சியைக் கட்டிலுக்குக் கொண்டுபோய், விஷயத்தைச் சொன்னார்.

"பயணம் இல்லன்னு ஆயிருச்சு. நான் போயி அந்தப் பைய எடுத்தாந்துடறேன்."

கருப்பாயி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். இடது கை. ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கும். மீதியை ரப்பர் சீவும் கத்தி கச்சாலிலேயே எடுத்துக்கொண்டது. அந்த மொட்டை விரலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எடுக்காதீங்க. வெளிய வச்ச பை ஊரு போய்ச் சேராம வீடு திரும்பக் கூடாது. நாம கெளம்பியாச்சு."

"கெளம்புனவ கட்டில்ல படுத்துக் கஞ்சி குடிக்கிறியாக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க எடுக்கப் போனா அவுக முந்திக்குவாக" என்றாள்.

"எவுக?"

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ஜிப் சத்தம். இந்தத் தடவை மெதுவாக, முழு நீளத்துக்கும்.

திருடன்தான். வேறு யார்? அழகர்சாமி அரிவாளைத் தேடி எடுத்தார்.

"கதவச் சாத்திட்டுப் போறேன். யாரு தட்டுனாலும்..."

"தொறக்கக் கூடாது. தெரிஞ்ச கொரலா இருந்தாலும் தொறக்கக் கூடாது. முகாம்லேருந்து இதே பாட்டு."

ஆமாம், அதே பாட்டுதான். அலைக்குப் பிறகு முகாமில் இருந்தபோது, செத்தவர்களின் குரலில் யார் யாரோ வந்து தட்டினார்கள். திறந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

வெளியே ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கரண்டும் போய்விட்டது. துறைமுகத்துத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சாத்தம் தீவு விளக்குகள் கூட இல்லை. பாக்கு மரங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும், தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தமும், எங்கேயோ கட்டிப்போட்ட நாய் விடாமல் அழும் சத்தமும் கலந்து காதை அடைத்தன. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. திறந்தார்.

பூசணம் வாடை அடிக்கும் என்று நினைத்தார். அடித்தது கடல். அழுகின பாசியும் மீன் செதிலும் சேர்ந்த, வெயிலே படாத அடிக்கடல் வாடை. போன் வெளிச்சத்தை அடித்தார்.

நாற்காலியில் பை. வாய் பிளந்திருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. சேலை இல்லை. சட்டை இல்லை. மஞ்சள் துணி தரையில் விரிந்து கிடந்தது. சுற்றிலும் மணல். ஈர மணல். சந்திரமோகனின் கட்டிலில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்த ஈரத் தடம்.

சுவருக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டுக்குள், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அது அவருடைய செருமல்.

"கருப்பாயி. எந்திரி. பஸ்ஸு வந்திருச்சு."

அது அவருடைய குரல்.

"இந்தா வந்துட்டேங்க." மூச்சிழுப்பே இல்லாத குரல். கச்சாலில் இளம்பெண்ணாக அவள் பேசிய குரல். "சேலயக் குடுங்க."

அரிவாள் விழுந்தது. ஓடினார். வழுக்கி முழங்காலில் விழுந்தார். எழுந்தார். கதவைத் தள்ளினார்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பிடிக்க ஆளில்லாமல் எழுந்து நிற்கக்கூட அவளால் முடியாது. யார் போட்டது?

"கருப்பாயி! கதவத் தொற! நான்தான்!"

உள்ளே பேச்சு நின்றது. பிறகு அவள் மெதுவாக, வேறு யாரிடமோ சொன்னாள்.

"ஏங்க. யாரோ தட்டுறாங்க."

"தட்டட்டும்."

"உங்க கொரல் மாதிரியே இருக்குங்க."

"அப்படித்தான் இருக்கும். தொறக்காத."

"நான்டி! கருப்பாயி, நான்டி!" கதவில் தோளால் இடித்தார். கிழட்டுத் தோள். கதவு அசையவில்லை. "அவன நம்பாத! அவன் கையப் பாரு! வெரலப் பாரு!"

"வெரலப் பாருங்கறாருங்க."

"பாக்காத."

சிரிப்புச் சத்தம். அவளுடையது. எத்தனையோ வருஷமாக அவர் கேட்காத சிரிப்பு.

ஜன்னலுக்கு ஓடினார். கண்ணாடியில் முகத்தை அழுத்தினார். உள்ளே வெளிச்சம் இருந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. பச்சை வெளிச்சம், ஆடிக்கொண்டே இருந்தது. கட்டிலில் இரண்டு பேர் வடக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், பஸ் சீட்டில் உட்காருவது போல. கிளிப்பச்சைச் சேலை. நீலச் சட்டை. அவன் முகம் திரும்பவில்லை. அவன் இடது கை அவள் கையைப் பிடித்திருந்தது.

ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

அவர் தன் மொட்டை விரலைக் கண்ணாடியில் வைத்துத் தட்டினார். கல்லை எடுத்து அடித்தார். கண்ணாடி உடையவில்லை. தண்ணீருக்குள் அடித்தது போல மந்தமாக ஒரு சத்தம். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"கருப்பாயீ! நானே கூட்டிட்டுப் போறேன்டி! நடந்தே கூட்டிட்டுப் போறேன்!"

அவள் திரும்பினாள். நேராக அவரைப் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை அவளுக்கு. பஸ் ஜன்னலிலிருந்து ரோட்டோரத்துக் கிழவனுக்குக் காட்டுவது போலச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

அவள் கொண்டை அவிழ்ந்தது. நரைமுடி தோளில் விழவில்லை. மெல்லப் பிரிந்து, கூரையைப் பார்த்து, மேலே மேலே மிதந்தது.