கோட்டைத் தாண்டிய சுரம்

இறங்கக்கூடாத இடத்தில் சுரம் இறங்கியது. தாரணி பாட்டை நிறுத்திவிட்டு மடிக்கணினியின் திரையை உற்றுப் பார்த்தாள். இசைக்குறிப்பின் முந்தைய கட்டத்தில் அவள் போட்ட, சுரத்தை அரைப்படி இறக்கும் ஃப்ளாட் குறி, அந்தக் கட்டத்தை மூடும் செங்குத்துக் கோட்டோடு முடிந்துபோக வேண்டும். அதுதான் விதி. அடுத்த கட்டத்தில் குறி எதுவும் இல்லை. ஆனாலும் காதில் விழுந்தது அந்தத் தாழ்ந்த சுரம்தான்.

மென்பொருள் சொதப்புகிறது என்று நினைத்துக்கொண்டாள். பயமெல்லாம் வரவில்லை. கணவன் ராஜீவ் செத்துப்போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை, அழுகைகூட. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் சாயங்கால மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. துணி உலர்த்தும் மூங்கில் கழியிலிருந்து அள்ளி வந்து நாற்காலியில் குவித்த ஈரத்துணியின் வாடையும், பக்கத்து வீட்டில் வதக்கும் பெலாச்சான் இறால் விழுதின் நெடியும், விளக்குப் போடாத கூடத்தில் கலந்து தேங்கி நின்றன. எழுந்து விளக்குப் போடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மகளைத் தூங்கவைக்க ராஜீவ் தானாகக் கட்டி முனகிய மெட்டு அது. கைப்பேசியில் பதிந்து வைத்திருந்ததைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சமூக மன்ற இசைக்குழுவில் அவனோடு வாசித்தவர்கள் நினைவுக் கூட்டத்தில் அதை வாசிக்கப்போகிறார்கள். குழுவை நடத்தும் வடிவேலு கைப்பேசியில் கூப்பிட்டார்.

"எழுதிட்டியாம்மா?"

"ஒரு இடம் இடிக்குது சார்."

"அவன் எப்பவும் அங்க இறங்கித்தான் பாடுவான். தப்பு லா அது. எடுத்துடு."

எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சட்டைகளைக் கொடுத்தாயிற்று. கைப்பேசி எண்ணை ரத்து செய்தாயிற்று. மிச்சமிருப்பது இந்தத் தப்பு ஒன்றுதான்.

ஒலியை முழுதாக அடைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். திரையில் இடம் காட்டும் பச்சைக் கோடு சத்தமில்லாமல் நகர்ந்தது. அந்த இடம் வந்ததும் தாழ்ந்த சுரம் கேட்டது.

படுக்கையறையிலிருந்து.

உள்ளே எட்டு வயது மகள் திவ்யா கட்டிலில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தாள். மெட்டு அந்த இடத்துக்கு வருவதற்குள் அவள் என்றுமே தூங்கிப்போயிருப்பாள். "மேடம் ஒரு நாள்கூட முழுசா கேட்டதில்ல" என்று ராஜீவ் கேலி செய்வான்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"அப்பா பாடுறாங்க, நானும் பாடுறேன். பட், கொஞ்ச நேரத்துல ஸ்டாப் பண்ணிடுறாங்க மா."

அறையில் கோடாலித் தைல வாடை. ராஜீவ் கழுத்தில் தேய்த்துக்கொள்வது. தாரணியின் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக.

மகளை அங்கேயே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். ஒரு சுரத்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக ஒரு வழி உண்டு. இந்தக் கட்டத்துச் சுரத்தை அடுத்ததோடு ஒரு வளைவால் கட்டிவிட்டால், இரண்டும் ஒரே மூச்சாக நீளும். ஃப்ளாட்டும் கூடவே கோட்டைத் தாண்டிப் போகும். கட்டினாள். அதற்கடுத்ததையும் கட்டினாள். பக்கத்தின் கடைசிவரை.

ஓடவிட்டாள்.

உள்ளிருந்து சுரம் வந்தது. இரண்டு குரல். ஒன்று கனத்த குரல், அவனுடையது. ஒரு கோட்டைத் தாண்டியது. இன்னொன்றை. இன்னொன்றை. கன்னம் ஈரமாகியிருந்தது, அழுகிறோம் என்று அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகுதான் உறைத்தது. பாடுகிறவள் மூச்சு வாங்க எங்கேயும் இடமே விடவில்லை.

ஓடினாள். திவ்யாவின் வாய் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. உதடு நீலம். உலுக்கினாள். கண் இமைக்கவில்லை.

திரும்பி ஓடினாள். நிறுத்தும் விசை. நிற்கவில்லை. ஃப்ளாட்டை ரத்து செய்யும் நேச்சுரல் குறி. அதைப் போட்டால் அந்தத் தப்பு போகும், அதோடு ராஜீவும் போய்விடுவான். விரல் விசைமேல் நின்றது.

நின்றது.

அழுத்தினாள்.

சுரம் ஏறியது. வடிவேலு கேட்ட சரியான சுரம். கனத்த குரல் இல்லை. சின்னக் குரல் மட்டும்.

நேச்சுரல் குறி சுரத்தைத்தான் மாற்றும். வளைவை அறுக்காது. அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவாக அழித்தாள். சுரங்களை அழித்தாள். பக்கம் வெறுமையானது. மடிக்கணினியைத் தரையில் அடித்தாள். திரை கறுத்தது.

சுரம் நிற்கவில்லை.

அறை வாசலில் போய் நின்றாள். திவ்யாவுக்குப் பக்கத்தில், மெத்தையில் பெரிய ஆள் உட்கார்ந்த பள்ளம் ஒன்று மெல்ல மேலெழுந்து சமமாகிக்கொண்டிருந்தது. தைல வாடை போய்விட்டது. திவ்யாவின் மார்பு இன்னும் அசையவில்லை, உதடுகள் மூடியிருந்தன. சுரம் அவளிடமிருந்து வந்துகொண்டே இருந்தது.