கப்பி கழுவியவளுக்கு ஐம்பத்தெட்டு விழுக்காடு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தீ, சக்கரம், எழுத்து ஆகியவற்றுக்குப் பின் மனித குலம் எடுத்துவைக்கும் நான்காவது பெரிய அடியாக, முத்துக்கரை பாய்மரக் கழகம் இன்றுமுதல் எவருக்கும் உத்தேசமாக நன்றி சொல்லாது. கழகத்தின் நன்றிகள் யாவும் இனி நன்றிமானியால் அளக்கப்பட்டு, தசமப் புள்ளி பிசகாமல் வழங்கப்படும். பொன்னாடைகளும் அவ்வண்ணமே.

செயலாளர் சண்முகவடிவேல் இதை வாசித்து முடித்தபோது தூத்துக்குடி கடற்கரைப் பந்தலில் பலத்த கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலில் தமக்கு எத்தனை விழுக்காடு என்று அவர் மானியைக் கேட்டார். மின்விசிறி நின்றுபோயிருந்ததால், எப்போது முடியும் என்று காத்திருந்த மக்கள் தட்டிய தட்டு அது என்று மானி சொன்னது.

நாட்டில் மற்ற இடங்களில் நன்றிமானி வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளி ஆண்டு விழாக்களில் நன்றியுரை நாற்பது நிமிடத்திலிருந்து நான்காகச் சுருங்கியது. மாவட்டத்தில் முதலாவதாக வந்த மாணவியின் மதிப்பெண்ணில் தாளாளரின் பங்கு பூச்சியம் என்றும், எதிர்வீட்டுத் தொலைக்காட்சி பழுதானதன் பங்கு பதினாறு விழுக்காடு என்றும் மேடையிலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பேசுவது?

கருவியின் வேலை எளிது. குங்குமப் பொட்டளவு உள்ள உணர்பொட்டுகளை மனிதர்மேலும் பொருள்கள்மேலும் ஒட்டிவிடுவார்கள். நடந்ததையெல்லாம் அவை பதிந்துகொள்ளும். பிறகு மானி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்க்கும். இந்த ஆள் இல்லாமல் இதே பந்தயம் ஒரு லட்சம் முறை நடந்திருந்தால்? இந்தக் கயிறு இல்லாமல்? எது இல்லாவிட்டால் வெற்றி அதிகம் கெட்டிருக்குமோ, அதற்கு அதிக நன்றி. அவ்வளவுதான். பணிவு, பதவி, வயது, குரல்வளம் எதையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை.

கழகம் இதை வாங்கியதற்குக் காரணம் கேப்டன் வரகுணராமன். ‘வெற்றிவேங்கை’ படகில் நான்கு முறை கோப்பை வென்றவர். தம் வெற்றிகளுக்குத் தாமே காரணம் என்பது அவருக்கு ஐயமறத் தெரியும். அறிவியலும் அதைச் சொல்லிவிட்டால் ஊருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தார்.

அந்த ஆண்டும் வெற்றிவேங்கைதான் வென்றது. பொன்னாடைக்காகக் கேப்டன் தோளைச் சற்றே தாழ்த்தி நின்றார். மானி வாசித்தது.

“கப்பிகளை நல்ல தண்ணீரில் கழுவி உப்பெடுத்தது: ஐம்பத்தெட்டு. பாயின் கிழிசலைத் தைத்தது: பதினொன்று. காற்று: இருபத்தொன்பது. சுக்கான் பிடித்தது: ஒன்றரை. இதர: அரை.”

விளக்கம் கேட்டபோது மானி சொன்னது: மற்ற பதினோரு படகுகளிலும் கரைக்கு வந்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். பாய்க்கயிறு ஓடும் கப்பிகளில் உப்பு காய்ந்து கல்லாகிறது. திருப்பத்தில் பாயை இறக்கக் கயிற்றை இழுத்தால் கப்பி உருளாது. வெற்றிவேங்கையின் கப்பிகள் மட்டும் உருண்டன.

பொன்னாடை படகின் சாமான்களைப் பராமரிக்கும் பெர்னதெத்துக்குப் போனது. நாற்பத்தாறு வயது. பதினெட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் குழாயைப் பிடித்துக் கயிறு, கப்பி, லைஃப் ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் அலசிக் காயப்போடுகிறவள். ஓட்டத்தின்போது படகின் நடுவில் உட்கார்ந்து, சிக்கும் கயிற்றை எடுத்துவிடுவது அவள் வேலை. அவள் கண் மட்டும் பதினெட்டு ஆண்டுகளாகப் பின்னால் இருந்த சுக்கான் கட்டைமேல். ஒரே ஒரு பந்தயத்தில் அதைப் பிடிக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை கேட்டும் வந்தாள்.

“கேப்டன் சார், இந்தத் தடவையாவது சுக்கான எங்கிட்ட தாங்களேன்.”

“அது கலை, பெர்னதெத். நீ கப்பியப் பாரு.”

பதினெட்டு ஆண்டுகளும் இதே பதில். ஒரு சொல் மாறியதில்லை. பத்தொன்பதாம் ஆண்டு மாறியது.

ஏனென்றால் அதற்குள் வளைகுடா முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெற்றி கப்பியில் இருக்கிறது! ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் ‘உப்பகற்றலின் தத்துவம்’ என்று தொடர் சொற்பொழிவு நடத்தினார். பன்னிரண்டு படகுகளின் கேப்டன்களும் படகுத்துறையில் குழாய்க்கு வரிசையில் நின்றார்கள். யார் முன்னால் வந்தது என்பதில் ஒரு பல் மருத்துவருக்கும் ஒரு கல்லூரி முதல்வருக்கும் கைகலப்பு. கல்லூரி முதல்வருக்கு ஒரு பல் போயிற்று. மருத்துவர் அங்கேயே பார்த்துவிட்டார்.

பெர்னதெத்துக்குக் குழாய் கிடைக்கவில்லை.

“தள்ளும்மா, இது பொறுப்பான வேல” என்று வரகுணராமன் வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அப்ப சுக்கான யாரு சார் பிடிக்கிறது?”

கேப்டன் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கப்பியின் இடுக்கைக் குடைந்தபடி யோசித்தார். “ஒன்றரை விழுக்காடு வேலதானே? யாராவது பிடிங்க.”

பாய்க்கயிறு பிடிக்கும் சிலுவைமுத்து அவள் காதருகே வந்து சொன்னான்: “எக்கா, மனசு மாறுறதுக்குள்ள போய் உக்காந்துருங்க. அவ்வொ பிரஷ்ஷக் கீழ வச்சிட்டா அப்புறம் கெடைக்காது.”

அவள் போய் உட்கார்ந்தாள். சுக்கான் கட்டை வெயிலில் சூடாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதைக் கடல் காற்றின்மேல் போட்டாள். குழாய்ச் சண்டை போட்ட பன்னிரண்டு பேருக்கும் மனதுக்குள் ஒரு பெரிய கும்பிடு போட்டாள்.

பந்தயம் தொடங்கியது. அதைத் தொடங்கியது என்று சொல்வது மரியாதைக்காக. பன்னிரண்டு படகுகளில் ஏழில் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு, படகிலிருந்த ஐந்து பேரும் கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பிகள் பளபளத்தன. உலகப் பாய்மர வரலாற்றிலேயே அவ்வளவு வழுக்கலாக உருளும் கப்பிகள் ஒரே கடலில் இருந்ததில்லை. அவற்றைச் சுமந்த படகுகள், திரும்ப வேண்டிய முதல் மிதவையருகே ஒன்றன் விலாவில் ஒன்று போய் முட்டிக்கொண்டன.

“வழி விடுங்க!” என்று அங்கிருந்து ஒருவர் கத்தினார்.

“யாரு விட? எங்களுக்கு வேல இருக்கு!” என்று இன்னொரு படகு பதில் சொன்னது.

பெர்னதெத் அந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். பதினெட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் காற்று எப்போது திரும்பும் என்று பிடரியில் தெரிந்தது. சுக்கான் கட்டையில் ஒட்டியிருந்த உணர்பொட்டு பச்சையாக எரிந்தது. வெற்றிக்கு உதவும் செயல் என்றால் பச்சை. உதவாதது என்றால் சிவப்பு. புதிய மாதிரி, உடனுக்குடன் சொல்லிவிடும்.

அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகு. இரண்டாவது மிதவைக்குள் பிடித்துவிடலாம்.

“எக்கா, பிடிச்சிட்டோம்லா!” என்றான் சிலுவைமுத்து.

அப்போதுதான் வரகுணராமன், படகின் பின்னோரத்துக் கப்பியில் ஒரு கடல் துளி தெறித்ததைப் பார்த்தார். அதைத் துடைக்காவிட்டால் விழுக்காடு குறையுமே. நல்ல தண்ணீர்த் தெளிப்பானை எடுத்துக்கொண்டு எட்டிக் குனிந்தார். அடுத்த கணம் தெளிப்பான் படகிலும் கேப்டன் கடலிலும் இருந்தார்கள்.

தலை ஒரு முறை தெரிந்தது. கனத்த பூட்ஸ் கீழே இழுத்தது. பிறகு ‘புஸ்’ என்று ஒரு சத்தம். அவருடைய லைஃப் ஜாக்கெட் ஊதிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் மேலே வந்தது. உள்ளே கேப்டனும் இருந்தார்.

பெர்னதெத் சுக்கானைத் திருப்பத் தொடங்கினாள். பொட்டு சிவப்பாயிற்று.

“எக்கா, செவப்பு!” சிலுவைமுத்து பதறினான். “பின்னால மீட்புப் படகு வருது. அவ்வொ எடுத்துருவாவ. நம்ம போயிருவோம். இத விட்டா ஒங்களுக்கு இன்னொரு தடவ சுக்கான் கெடைக்காதுக்கா!”

மீட்புப் படகு அந்தப் பத்துப் படகுக் குவியலுக்கு அப்பால் வழி தேடிக்கொண்டிருந்தது. பெர்னதெத் பொட்டை ஒரு முறை பார்த்தாள். பிறகு கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டாள்.

“பாய எறக்குலே. கப்பி உருளும்லா, நல்லாத் தேய்ச்சி வச்சிருக்காவ.”

கப்பி உருண்டது. நான்கு நிமிடத்தில் கேப்டனை இழுத்துப் போட்டார்கள். அவர் நிறையத் தண்ணீர் கக்கினார். பிறகு ஊதிய ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“இது… வேல செஞ்சிச்சே.”

“மாசா மாசம் வாயுக் குப்பியத் திருகிப் பாப்பேன் சார். போன மாசம் ஒங்களுது வாயு போயி லேசா இருந்துச்சு. மாத்திட்டேன்.”

“எங்கிட்ட சொல்லலயே?”

“நீங்க பேசிட்டிருந்திய.”

வரகுணராமன் பெர்னதெத்தின் ஈரக் கையைத் தம் இரு கைகளுக்குள் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பல் கிட்டியிருந்ததால் சொல் வரவில்லை. பந்தயத்திலேயே பிழையில்லாத உரை அதுதான்.

முன்னால் போன படகு இதற்குள் இரண்டாவது மிதவையைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அதிலும் சுக்கானைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். இவ்வளவு நேரம் காற்று தற்செயலாகச் சரியான பக்கம் அடித்திருந்தது. மாலையில் ஒரு மீன்பிடிப் படகு அவர்களைத் திருப்பி அனுப்பியது. வெற்றிவேங்கை மட்டும் பந்தயத்தை முடித்துத் தனியாகக் கரை சேர்ந்தது.

மேடையில் மானி வாசித்தது.

“பெர்னதெத் சுக்கான் பிடித்தது: எழுபத்தாறு. காற்று: இருபத்தேழு. கப்பி கழுவியது: பூச்சியம்.”

கூட்டத்தில் பன்னிரண்டு கேப்டன்கள் ஒரே நேரத்தில் “என்னது?” என்றார்கள்.

“எல்லாரும் கழுவியிருந்தீர்கள்” என்றது மானி. “எல்லாரிடமும் இருப்பது யாரையும் வெல்ல வைப்பதில்லை. தொடர்கிறேன். கேப்டன் வரகுணராமன் நான்கு நிமிடம் தண்ணீரில் இருந்தது: கூட்டல் ஆறு. எடை குறைந்ததால். அவரைத் தண்ணீரிலிருந்து எடுத்தது: கழித்தல் ஒன்பது.”

யாரும் கைதட்டவில்லை. கேப்டன் எழுந்து ஒலிபெருக்கியிடம் வந்தார். கையில் பதினான்கு பக்க உரை இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்தார்.

“கழித்தல் ஒன்பதுக்கு நன்றி, பெர்னதெத்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் பேசியவற்றுள் மிகச் சிறியது. சண்முகவடிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம் கண்ணீரில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று அவர் அப்போது கேட்கவில்லை என்பதைக் கழகத்தின் குறிப்பேடு பெருமையுடன் பதிவு செய்திருக்கிறது.

பெர்னதெத்தைப் பேசச் சொன்னார்கள். அவளுக்கு மேடை புதிது.

“எல்லாருக்கும் நன்றி. குழாய்க்குச் சண்டை போட்டிய பாருங்க, அதுக்கு ரொம்ப நன்றி. இல்லாட்டி எனக்குச் சுக்கான் கெடச்சிருக்காது. கேப்டன் சாருக்கு நன்றி. அந்த வாயுக் குப்பிக்கும் நன்றி. அத மானி சொல்லல, அதனால நான் சொல்லுதேன்.”

இம்முறை கைதட்டல் உண்மையாகவே எழுந்தது. மின்விசிறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆளுக்கொரு பொன்னாடையோடு வந்து அவளை மூடினார்கள். பதினாறாவது பொன்னாடைக்குப் பிறகு அவள் முகம் தெரியவில்லை.

அந்த நெகிழ்ச்சி ஏறக்குறைய ஆறு நிமிடம் நீடித்தது. ஏழாவது நிமிடத்தில், சுக்கான் பிடிப்பதற்கான சிறப்புப் பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் வரிசை பந்தலைத் தாண்டி நின்றது. ‘உப்பகற்றலின் தத்துவம்’ பேசியவர் ‘சுக்கானும் நானும்’ என்ற தலைப்பை அறிவித்தார். வரகுணராமன் பொன்னாடைக் குவியலுக்குள் தலையை நுழைத்து மெல்லக் கேட்டார்.

“பெர்னதெத், அடுத்த வருஷம் சுக்கான… கொஞ்ச நேரம் எங்கிட்ட தருவியா?”

“அது கலை சார்” என்றாள் அவள் உள்ளேயிருந்து. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

படகுத்துறையில் வெற்றிவேங்கை கட்டிக் கிடந்தது. கயிறுகள் ஈரமாகக் குவிந்திருந்தன. ஊதிய லைஃப் ஜாக்கெட் காலி வாயுக் குப்பியோடு அவற்றின்மேல் கிடந்தது. குழாயருகே வரிசை இல்லை.

படகைக் கழுவ இருபது நிமிடம் ஆகும். அன்று யாரும் கழுவவில்லை.