மூலைக் கட்டில்

டார்சியை ஆட்டு லாரியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பட்டியில் காளை அவனை வேலிக் கம்பியோடு சேர்த்து நசுக்கியிருந்தது. அவன் என் தம்பி. அன்று வார்டில் நான்தான் நர்ஸ். காலியாக இருந்தது மூலைக் கட்டில் மட்டும்.

வெளியே செம்புழுதிப் புயல். மத்தியானமே இருட்டிவிட்டது. அவனைப் புரட்டக் குனிந்தபோது என் அடிவயிற்றில் வழக்கமான குத்தல். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வலி எவ்வளவு? பத்துக்குச் சொல்லு."

"ரெண்டு. உன் சமையல் இதைவிட வலிக்கும், நெர் அக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வறண்ட சீமை ஆண்களுக்குக் கை துண்டாகிப் போனாலும் ரெண்டுதான். வாய் சொல்லும் எண்ணை மட்டும் நான் நம்புவதில்லை. முகத்தைப் பார்ப்பேன், மூச்சைப் பார்ப்பேன், இருமச் சொல்வேன். டார்சி இரும மறுத்தான். இடது தோள் மட்டும் குடைகிறது, கோணலாகப் படுத்துவிட்டேன் என்றான். அடிபட்டது விலாவில், வலிப்பது தோளில். மண்ணீரல் கிழிந்தால் அப்படித்தான் வலிக்கும்.

நோயாளிகளை விமானத்தில் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பிரிவின் டாக்டரைப் போனில் பிடித்தேன். இருப்பது ஒரே விமானம். அது கால் ஒடிந்த ஒருவரை ஏற்றிவர வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. நோயாளியையே பேசச் சொன்னார் டாக்டர். டார்சி சிரித்துக்கொண்டே ரெண்டு என்றான். அப்படியானால் அடுத்த நடையில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். அவரைப் போனை வைக்க விடாமல் நான் கெஞ்சினேன்.

போன வருஷம் இதே கட்டிலில்தான் ஏர்ன் டூலி செத்தார். ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவர்; மேலெல்லாம் ஈரக் கம்பளி நெடி அடிக்கும். கடைசிவரை ரெண்டு என்றே சொன்னார். குடல் வெடித்தபோது கட்டிலின் பக்கக் கம்பியை இறுக்கியதில் அவர் விரல்கள் மூன்று ஒடிந்தன. வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. கம்பி இன்னும் வளைந்தே இருக்கிறது. இங்கே படுத்தவர்களிடம் யாரோ கேள்வி கேட்பதாகத் துப்புரவு செய்யும் லோர்னா சொல்வாள். நான் கேலி செய்திருக்கிறேன்.

விளக்கு மங்கியது. ஈரக் கம்பளி நெடி குப்பென்று அடித்தது.

"எவ்வளவு?"

கேட்டது நான் இல்லை.

"ரெண்டுன்னு சொன்னேன்ல," என்றான் டார்சி.

அவன் சுண்டுவிரல் தானாக எழும்பியது. பின்னால் வளைந்தது. சுள்ளி முறிகிற மாதிரி முறிந்தது.

அவன் என்னைப் பார்த்தான். என் கைகள் போனில் இருந்தன.

"எவ்வளவு?"

"ரெண்டு..."

அடுத்த விரல்.

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அவன் கையைப் பற்றினேன். அதன் மேல் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை; காய்ப்புக் காய்த்த, ஜில்லிட்ட கை. குத்தினேன், பிறாண்டினேன். அசையவில்லை. மூன்றாவது விரல் ஒடிந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது.

நான்காவது விரல் எழும்பியது.

"உண்மையைச் சொல்லித் தொலைடா, டார்சி!"

"பத்து," என்று அவன் குழந்தை மாதிரி அழுதான். "முதல்லேர்ந்தே பத்துதான், நெர். செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

அந்தக் கை பிடியை விட்டுவிட்டது.

போனில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். விமானத்தைத் திருப்பச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். புழுதி அடங்கியதும் அது இறங்கியது. டார்சி பிழைத்துக்கொண்டான். வயிறு முழுக்க ரத்தமாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் போயிருப்பானாம். செய்தி வந்ததும் மூலைக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

லோர்னா தரையில் காய்ந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உனக்கு என்னம்மா? கொஞ்ச மாசமாவே அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறே. வலிக்குதா?"

இந்த ஊரில் பிறந்தவள்தானே நானும். எழுந்திருக்க வளைந்த கம்பியைப் பிடித்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன்.

ஈரக் கம்பளி நெடி அடித்தது. என் சுண்டுவிரலை யாரோ மெதுவாகப் பிடித்தார்கள்.