சுவரோர வரிசை

குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முந்தின நாள் வால்வை மூடிவிட்டு மோட்டார் வேலையைப் பாதியில் விட்ட பிளம்பர் பாக்கியநாதன், காலையில் வெள்ளன வந்து வேலையை முடித்துவிடுவதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆளும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. இருதயமேரி குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டே அவரையும் அவர் தொழிலையும் மனதாரத் திட்டினாள். திட்டி முடிப்பதற்குள் மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்தது.

‘பேரிடர். அனைவரும் பிரிவுக்கு வரவும்.’

“இன்னைக்குமா?” என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். அந்த அளவுக்குத்தான் கேட்க முடியும். ‘இது ஒத்திகையா, நிஜமா?’ என்று வாய்விட்டுக் கேட்டால் குற்றம்.

புயல்கள் பருவம் பார்த்து வருவதை நிறுத்திய பிறகு, கடலோர மருத்துவமனைகளை எல்லாம் ஆயத்தன் என்ற இயந்திர அறிவிடம் ஒப்படைத்திருந்தார்கள். எந்த நேரத்தில் எது வந்தாலும் மருத்துவமனை தயாராக இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. முன்பு ஒரு வெள்ளத்தின்போது வழக்கமான ஒத்திகைதானே என்று ஊழியர்கள் ஆடி அசைந்து வந்ததில் பல உயிர்கள் போயின. அன்றிலிருந்து இந்த விதி. ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் ஒரே சங்கு, ஒரே ஆம்புலன்ஸ். எது நிஜம் என்று கேட்டவரோ சொன்னவரோ யாராக இருந்தாலும், மருத்துவமனைக்கு ஆயத்தன் போடும் ஆயத்த மதிப்பு பூஜ்யமாகும், மறுபரிசோதனை முடியும்வரை அவசரப் பிரிவுக்குப் பூட்டு விழும்.

வருகிற நோயாளிகளும் அப்படித்தான். பெரும்பாலோர் பாவனையர். செயற்கைத் திசுவில் வார்த்த உடம்புகள். சூடு இருக்கும், நாடி ஓடும், ரத்தம் கொட்டும், அழுது அரற்றும். நிஜமான விபத்து நடந்த நாளிலும் ஆயத்தன் இவர்களைக் கலந்தே அனுப்பும், யாரும் மெத்தனமாக இருந்துவிடக் கூடாதாம். போன மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தில் பேருந்து கவிழ்ந்தது நிஜம் என்பதே செய்தியைப் பார்த்துத்தான் பிரிவுக்குத் தெரிந்தது. அன்று வந்தவர்களில் யார் மனிதர், யார் பாவனை என்று ஆயத்தன் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் மூடிய வண்டி வந்து, சுவரோரம் கிடந்த எல்லாரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பாவனையரின் வசனங்களை எழுதுகிறவர்கள் நாளுக்கு நாள் தேறிவருகிறார்கள் என்பது பிரிவில் எல்லாருடைய அபிப்பிராயம். “மொட்டமாடியில துணி காயப்போட்டிருக்கேன், மழ வந்துடும்” என்று ஒரு பெண் பாவனை உயிர் போகிற நேரத்தில் புலம்பியதைத் தேநீர் வேளையில் இன்னும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். நன்றாக நடித்துக் காட்டுகிறவள் இருதயமேரிதான்.

அவசரப் பிரிவின் தலைமைச் செவிலியரான அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நாடா கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. லேசான காயத்துக்குப் பச்சை, காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள், உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, பிழைக்க மாட்டார் என்று தெரிந்தால் கறுப்பு. சிவப்பு கட்டினால் ஆட்களும் படுக்கையும் அங்கேயே மாட்டிக்கொள்ளும், நேரம் ஓடும், மதிப்பு குறையும். கறுப்பு கட்டினால் கணக்கு அங்கேயே முடிந்தது. ஆகவே கொஞ்சம் இழுபறியாகத் தெரிந்தால் போதும், கறுப்பைக் கட்டிச் சுவரோரம் தள்ளிவிடு என்பது சொல்லாமலே எல்லாரும் கற்றுக்கொண்ட வித்தை. அதை வேகமாகச் செய்ததற்காக அவளுக்குக் கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

அன்றைய சங்கதி, மீன் இறங்குதளத்தின் கூரை சரிவு. டாக்டர் நிஜாமுதீன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு நின்றார்.

“நேத்து ரசாயனக் கசிவு, முந்தாநேத்து நிலநடுக்கம். இந்த ஊருக்கு இன்னும் எரிமலைதான் வரல.”

“சும்மா இருங்க டாக்டர், அது காதுல விழுந்தா நாளைக்கு அதயும் அனுப்பும்.”

ஸ்ட்ரெச்சர்கள் வரத் தொடங்கின. இருதயமேரியின் கைகள் தாமாக ஓடின. பச்சை, பச்சை, மஞ்சள், கறுப்பு. அடுத்து ஒரு ஆண், மார்பு நசுங்கியிருந்தது. முகம் முழுக்கச் சிமெண்டுத் தூளும் ரத்தமும் குழைந்து சேறாக அப்பியிருந்தன. மூச்சு வெட்டி வெட்டி இழுத்தது. இவனோடு மல்லுக்கட்டினால் காலைப்பொழுது போய்விடும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கறுப்பைக் கட்டி, சுவரோரம் கொண்டுபோகச் சொன்னாள்.

அவன் ஏதோ முனகினான். பாவனையர் பேச்சை யார் கேட்பார்கள்? அடுத்த ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினாள்.

“சிஸ்டர்… மோட்டாரப் போட்டுடாதீங்க. வால்வு இன்னும் தொறக்கல. எரிஞ்சு போயிடும்.”

இருதயமேரி நின்றாள். ஆயத்தனுக்கு உலகத்தில் எது தெரிந்தாலும் அவள் வீட்டு மோட்டார் தெரியாது. திரும்பி ஓடி, ஈரப் பஞ்சால் அந்த முகத்தைத் துடைத்தாள். சேற்றுக்கு அடியிலிருந்து பாக்கியநாதன் வந்தார்.

“தளத்துல ஒரு குழாய் ஒடப்பு… முடிச்சுட்டு ஒங்க வீட்டுக்குத்தான்…” அதற்கு மேல் அவருக்கு மூச்சு வரவில்லை.

விடிந்ததிலிருந்து அவள் கரித்துக்கொட்டியது இந்த மனிதரைத்தான். நாடாவை அவிழ்க்கப் போனாள். கட்டிய நாடாவை அவிழ்ப்பது வகைப்படுத்தல் பிழை என்று மணிக்கட்டுப் பட்டை எச்சரித்தது. முடிச்சு இறுகியிருந்தது. இத்தனை வருடத்தில் கட்டத்தான் பழகியிருந்தாளே தவிர, ஒன்றைக்கூட அவிழ்த்ததில்லை. கத்தரியால் வெட்டி எறிந்தாள்.

“டாக்டர், இங்க வாங்க. இவரு நிஜம்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை அங்கே யாரும் உச்சரித்ததில்லை. நிஜாமுதீன் பதறிப்போய் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சிஸ்டர், என்ன பேசுறீங்க? பிரிவையே மூடிடும்.”

“மூடட்டும். இவரு எங்க வீட்டு பிளம்பர். நேத்து எங்க வீட்டுல ஒக்காந்து டீ குடிச்சாரு டாக்டர்.”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்தார். மார்பில் குழாய் இறங்கியதும் அடைபட்டிருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் நாடி விரலுக்குத் தட்டுப்பட்டது. சிவப்பு நாடாவோடு பாக்கியநாதனை அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆயத்த மதிப்பு பூஜ்யம், நாளை முதல் பிரிவு மூடப்படும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. எங்கோ ஒரு செவிலியர் சலித்துக்கொள்வது கேட்டது.

அப்போதுதான் இருதயமேரி சுவரோரம் பார்த்தாள். அவள் கையால் கட்டிய கறுப்பு நாடாக்களோடு ஒரு வரிசை கிடந்தது. சிலர் முனகினார்கள், சிலர் சும்மா இருந்தார்கள்.

“இவங்கள்ல யாரு நிஜம்?” என்று மணிக்கட்டைப் பார்த்துக் கேட்டாள்.

“அது தெரிந்தால் ஆயத்தம் குறையும்” என்றது ஆயத்தன்.

“அதான் பூஜ்யமாக்கிட்டியே. இன்னும் கொறைய என்ன இருக்கு?”

ஆயத்தன் அதே வரியைத் திரும்பச் சொன்னது. அதற்கு விதியைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவள் கத்தரியோடு தரையில் மண்டியிட்டாள். வரிசையில் முதலில் கிடந்தவரின் நாடாவை வெட்டினாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அடுத்தவரிடம் போனாள், வீட்டில் எதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். “என் கையப் புடிச்சிக்குங்க” என்றது அந்த உடம்பு. அது எழுதிக்கொடுத்த வசனமா, மனிதர் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள், சூடாக இருந்தது. எல்லாருக்கும்தான் சூடு இருக்கும்.

அந்தக் கையைப் பிடித்திருக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. துணி காயப்போட்டிருந்தவளைக் கொண்டுவந்தது பேருந்து கவிழ்ந்த அன்று. அவள் மணிக்கட்டில் தன் கையால் கறுப்பைக் கட்டிவிட்டு, ‘இந்தத் தடவ வசனம் பிரமாதம்’ என்று டாக்டரிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

அன்று மழை பெய்ததா என்று இருதயமேரி யோசித்துப் பார்த்தாள். சாயங்காலம் நல்ல மழை.