ஜன்னலோரப் பாய்

வாசலில் இருந்த பலகையில் வாரம் முழுக்க விருந்தினருக்குக் கொண்டாட்டம்தான். திங்கள் யோகா, புதன் பாட்டு, வெள்ளி மேஜிக், ஞாயிறு காலை ஓய்வு வகுப்பு. அந்தச் சின்ன ஹோட்டலில் ஞாயிறு வகுப்புக்குத்தான் நான் புது டீச்சராகச் சேர்ந்தேன்.

முதல் நாள் வந்தது மூன்றே பேர். “ஹால் காலியா இருந்தா போட்டோ எடுபடாது. கூட வந்திருக்கிற உங்க தங்கச்சியையும் படுக்கச் சொல்லுங்க” என்றார் மேனேஜர். ஓசியில் ஓய்வு என்றதும் அவள் ஓடிப்போய் ஜன்னலோரப் பாயில் விழுந்தாள். குறட்டை விட்டால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டு விளக்கை அணைத்தேன்.

பாதத்தில் தொடங்கித் தலை வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தச் சொல்வோம். முடிவில் அதே வரிசையில் அசைக்கச் சொல்லி எழுப்புவோம். தளர்த்தியவரேதான் எழுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

விருந்தினர்கள் எழுந்தார்கள். தங்கையின் பாதங்கள் மட்டும் அசையவில்லை.

“மரத்துப்போச்சா?”

“இல்லக்கா. பக்கத்துல இருந்த டீச்சர், பாதத்தை எங்கிட்ட குடுத்துடுன்னாங்க. குடுத்துட்டேன்.”

பக்கத்தில் யாரும் இல்லை. தைல வாசனை மட்டும் இருந்தது.

பாய் சுருட்ட வந்த துப்புரவுக்காரம்மாவின் முகம் வெளுத்தது. “முன்னாடி இருந்த டீச்சர் அங்கதான் சாஞ்சாங்க. பாதம்னு சொன்னாங்க, அதோட மூச்சு நின்னுடுச்சு. வகுப்பு முடியவே இல்ல.”

இதை முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மேனேஜர்மேல் ஆத்திரமாக வந்தது.

டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

மறு ஞாயிறு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து டீ குடித்தபடி என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள், சட்டென்று கண்ணை மூடினாள்.

தைல வாசனை.

“முட்டியா? சரிங்க டீச்சர்.”

முட்டி போனது. அடுத்த ஞாயிறு இடுப்பு. அதற்கடுத்த வாரம் வயிறு. காதைப் பொத்தினேன், உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தும் பார்த்தேன். பூட்டிய ஹாலைத் திறக்கச் சொல்லி அந்த ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டேன். கடைசியில் நானே அவளை எழுப்பப் பார்த்தேன்.

“பாதத்தை அசைம்மா.”

“நீ சொன்னா வராதுக்கா” என்று அழுதாள். “வாங்கினவங்கதான் தரணும்.”

ஹோட்டலில் அந்த வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். ஞாயிறு நிற்கவில்லை.

வயிற்றுக்கு அடுத்தது எது என்று எனக்கு மனப்பாடம். அன்று காலை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. வாசனை வந்தது.

“இவளை விட்டுடுங்க டீச்சர். என்னை எடுத்துக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

முதன்முதலாக அந்தக் குரல் எனக்கும் கேட்டது. அன்பான குரல்.

“வகுப்பு நடக்கும்போது பேசக் கூடாதும்மா.”

என் வாய் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

“நெஞ்சுதானே டீச்சர்?”