கோதுமைப் பத்தியம்

"அடிப் பாவி... இது என்னடி இது!"

மாட்டுக்கொட்டிலிலிருந்து வந்த சத்தத்தில் தர்மாம்பாள் கையிலிருந்த பால்செம்பே நழுவிவிட்டது. போட்டது போட்டபடி ஓடினாள். கழுநீர்த் தொட்டியோரம் ஞானாம்பாள் நின்றிருந்தாள். அவள் உள்ளங்கையில் ஊறி உப்பிய ரஸ்க் துண்டு. தொட்டிக்குள்ளே காலையில் காய்ச்சிய கோதுமைக் கஞ்சி படர்ந்து கிடக்க, செவலைப் பசு அதைச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அதற்கென்ன, அதன் யோகம்!

"நான் கருக்கல்ல எந்திரிச்சு, புள்ளைக்குன்னு பார்த்துப் பார்த்துக் காய்ச்சினது... மாட்டுக்கா ஊத்துற? எத்தனை நாளாடி நடக்குது இந்தக் கூத்து?"

தர்மாம்பாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வாய் திறந்தால் பொய் சொல்ல வேண்டும். கையும் களவுமாய்ப் பிடிபட்ட பிறகு பொய் எங்கிருந்து வரும்?

ஞானாம்பாள் அவளுக்கு ஓரகத்தி. தர்மாம்பாளின் புருஷன் பஞ்சநதம்; அவனுடைய செத்துப்போன அண்ணனின் சம்சாரம் இவள். புருஷன் போன கையோடு, "நில உச்சவரம்பு வருதாம், உன் பங்கைப் பிரிச்சு வாங்கிக்கிட்டு வந்துடுக்கா" என்று கும்பகோணத்திலிருந்து தம்பி வந்து நின்றான். "கொழுந்தன் தலையெடுக்கணும், நான் எங்க வர்றது" என்று அவனைத் திருப்பி அனுப்பியவள். அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எழிலரசி பிறந்தபோது தர்மாம்பாள் பால் கொடுத்ததோடு சரி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாமே பெரியம்மாதான்.

எழிலரசி! கட்சிக் கூட்டத்தில் யாரோ சொல்லக் கேட்ட பேரைப் பஞ்சநதம் ஆசை ஆசையாய் வைத்தான். எழில்தான் வந்து சேரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று வயது உடம்பு. குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் பானை வயிறு. பால்குடி மறந்து ரஸ்க் நனைத்துக் கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே வயிற்றுப்போக்கு. கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். போவதும் வெளிறிப்போய், நாற்றம் குடலைப் பிடுங்கும். வாயெல்லாம் புண், எதற்கெடுத்தாலும் சிணுங்கல். பூச்சி மருந்து கொடுத்தார்கள். நாகூர் தர்காவுக்குத் தூக்கிப்போய் மந்திரித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் நாட்டு வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சோத்து மாந்தம். அரிசி இந்தக் குடலுக்கு ஆகலை. கோதுமை, பார்லி, ரஸ்க், அதோட நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

நெல் விளைகிற சீமையில் உடம்புக்கு வந்தால் முதலில் சோற்றைத்தானே நிறுத்துவார்கள்! யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஞானாம்பாள் மன்னார்குடிக்கு ஆள் அனுப்பி ரஸ்க் வரவழைத்தாள். ரேஷன் கோதுமையை அவளே புடைத்து, அவளே திரித்துக் கஞ்சி காய்ச்சினாள். பிள்ளை இன்னும் தேய்ந்தது.

தர்மாம்பாளுக்குத் தலை நிமிர முடியாமல் போனது அறுப்புக் கூலிப் பேச்சு நடந்த அன்று. சம்பா பழுத்துத் தலைசாய்ந்து நிற்கிறது. கூலித் தகராறு முற்றி, செங்கொடிக்காரர்கள் வாசலில் கூடிப் பஞ்சநதத்தோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த எழிலரசி, அத்தனை பேர் நடுவிலும் நின்ற இடத்திலேயே பாவாடையோடு கழிந்துவிட்டாள். நடவுக்கு வருகிற ராசம்மாள்தான் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். "ஐயோ, நெல்லு வெளையிற வூட்டுல புள்ளை பஞ்சத்துல அடிபட்டாப்ல இருக்கே! பெத்தவ ஏம்மா கவனிக்கிறதில்ல?"

அவள் பரிதாபத்தில்தான் கேட்டாள். கூட்டம் மொத்தமும் பிள்ளையைப் பார்த்தது. பஞ்சநதம் உள்ளே வந்து தர்மாம்பாளைக் கன்னத்தில் அறைந்தான். "ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேடி!" கிணற்றடியில் பிள்ளையைக் கழுவிக்கொண்டே அவள் அழுதாள். அடி வலிக்கவில்லை. இனி எந்த முகத்தோடு ராசம்மாள் எதிரில் போய் நிற்பது என்றுதான் உடம்பு கூசியது.

அன்றைக்குப் பேச்சு முறிந்தது. வேலைநிறுத்தம், சாலை மறியல், பஸ் இல்லை, கடை இல்லை. ரஸ்க் தீர்ந்தது, கோதுமையும் தீர்ந்தது. வீட்டில் மிச்சம் இருந்ததெல்லாம் அரிசிதான். வேறு வழியில்லாமல் பயந்து பயந்து நொய்க்கஞ்சி கொடுத்தார்கள், உப்பு மட்டும் போட்டு. என்ன ஆச்சரியம்! வயிற்றுப்போக்கு நின்றது. தகராறு தீர்வதற்குள் பிள்ளை கன்றுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஓடியது! "மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்று ஞானாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூலி ஒப்பந்தம் ஆயிற்று, பஸ் ஓடிற்று, ரஸ்க்கும் வந்தது. வந்த வாரமே பிள்ளை மறுபடி சுருண்டது.

பெற்ற மனசு அல்லவா, தர்மாம்பாளுக்குப் பொறி தட்டியது. "அக்கா, சோறுதான் ஒத்துக்குதோன்னு தோணுது..." என்று இழுத்துப் பார்த்தாள். "வைத்தியரை விட நீ பெரியவளா? புள்ளையைக் கொன்னுப்புடாத" என்று ஞானாம்பாள் வாயை அடைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் இந்தத் திருட்டு. "நான் ஊட்டுறேங்க்கா" என்று கஞ்சியை வாங்கிக் கொட்டிலுக்குப் போவாள். கஞ்சி மாட்டுக்கு. முந்தானைக்குள் மறைத்து வைத்திருக்கும் கிண்ணத்து ரசஞ்சோறு பிள்ளைக்கு. எழிலரசி கொஞ்சம் தேறினாள். ஆனால் வேலைநிறுத்த நாளில் தேறியதுபோல் முழுசாகத் தேறவில்லை; விட்டுவிட்டு வயிறு போனது. அதனால்தான் தர்மாம்பாளுக்குத் துணிந்து சொல்லவும் வாய் வரவில்லை.

இப்போது குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"நான் மலடி... என் கை பட்டதை உன் புள்ளை திங்கக்கூடாது, அப்படித்தானே? அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமேடி!"

"ஐயோ அக்கா, சத்தியமா அப்படி இல்லக்கா..."

சத்தம் கேட்டு வந்த பஞ்சநதத்துக்கு விஷயம் விளங்க நேரமாகவில்லை. கை ஓங்கினான். ஞானாம்பாள்தான் குறுக்கே விழுந்து தடுத்தாள். "அடிக்காதப்பா! அடிச்சா என் கஞ்சி திரும்பி வந்துடுமா?"

"சரிங்க அண்ணி. தஞ்சாவூருக்குப் போவோம், பெரிய டாக்டர் சொல்லட்டும்." தர்மாம்பாள் பக்கம் திரும்பினான். "சோத்தைப் போட்டு நீதான் கெடுத்தேன்னு மட்டும் தெரியட்டும்... புள்ளை அண்ணிகிட்ட, நீ உங்கப்பன் வூட்டுல! புரியுதா?"

பஸ்ஸில் எழிலரசி பெரியம்மா மடியில் கிடந்தாள். பிள்ளையைத் தா என்று தர்மாம்பாள் கேட்கவில்லை, கேட்கத் தனக்கு உரிமை இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

தஞ்சாவூர் டாக்டர் அம்மாள் டில்லியில் படித்துவிட்டு வந்தவர். கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், சதையே இல்லாமல் தொங்கிய பிட்டத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். என்ன சாப்பாடு என்று கேட்டார். ஞானாம்பாள் கோதுமையும் ரஸ்க்குமாக ஒப்பித்தாள். "வேற ஒண்ணும் கொடுக்கறதில்லையா?"

தர்மாம்பாள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "சோறு... நான்தாங்க. திருட்டுத்தனமா. கஞ்சியை மாட்டுக்கு ஊத்திட்டு..." மேலே பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அழாதீங்க. சோறு கொடுத்தப்ப வயிறு எப்படி இருந்துது? அதைச் சொல்லுங்க."

வேலைநிறுத்தம், நொய்க்கஞ்சி, கன்றுக்குட்டி, திரும்பி வந்த ரஸ்க் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னாள். டாக்டர் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சீலியாக்னு ஒரு வியாதி இருக்கு. கோதுமை, பார்லி, மைதா இதுல இருக்கிற ஒரு பொருள் சில புள்ளைங்க குடலைப் புண்ணாக்கிடும். அப்புறம் எதைத் தின்னாலும் உடம்புல ஒட்டாது. வடக்கே நிறையப் பார்த்திருக்கேன். நம்ம பக்கம் சோறு திங்கறதால யாருக்கும் சந்தேகமே வராது. உறுதியாச் சொல்லணும்னா மெட்ராஸ்ல குடல்லேருந்து துளி சதை எடுத்துப் பார்க்கணும். இப்ப இந்த உடம்பு அதைத் தாங்காது. முதல்ல கோதுமையை அடியோட நிறுத்துங்க. சோறு போட்டுத் தேத்துங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க, மெட்ராஸுக்கு எப்ப அனுப்பறதுன்னு பார்த்துச் சொல்றேன். அம்மா சந்தேகப்பட்டது சரின்னுதான் எனக்கும் படுது."

தர்மாம்பாள் நெஞ்சு ஒரு கணம் விம்மியது. 'பார்த்தீங்களா!' என்று கத்தவேண்டும்போல் இருந்தது. திரும்பினாள். ஞானாம்பாள் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... நான் ஊட்டினதுதாங்களா?"

"தெரியாமச் செஞ்சதும்மா. அது சரி, நீங்க ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கீங்க?"

பஞ்சநதம்தான் பதில் சொன்னான். "புள்ளை மறுபடி சுருண்டதிலேருந்து அண்ணி சோறு தொடறதில்லைங்க. புள்ளை என்னைக்குச் சோறு திங்குதோ அன்னைக்குத்தான் நானும் திம்பேன்னு வேண்டுதல். மாசக்கணக்கா அதே கோதுமைக் கஞ்சிதான்."

தர்மாம்பாளுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். 'வேஷம், என் புள்ளையைப் பங்கு போடுற வேஷம்' என்று அடுப்படியில் பல்லைக் கடித்திருக்கிறாள். கொட்டிலில் பிள்ளை சோறு தின்றுகொண்டிருக்க, உள்ளே ஞானாம்பாள் சோறில்லாமல் உட்கார்ந்திருந்தாள். தான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! டாக்டர் வாயால் ஜெயித்த ஜெயம் தர்மாம்பாளுக்கு அங்கேயே கசந்துபோயிற்று.

பஸ் நிலையத்து எதிரே சாப்பாட்டு ஓட்டல். இலை போட்டுச் சோறு விழுந்தது. ஞானாம்பாள் இலையை நகர்த்திவிட்டாள்.

"என்னைக் கும்பகோணம் பஸ்ல ஏத்திவிட்டுருப்பா. தம்பி வூட்டோட இருந்துக்கறேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு இனிமே அந்த வூட்டு அடுப்படியில எப்படி நிப்பேன்?"

"அண்ணி..." பஞ்சநதம் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். பொண்டாட்டியை ஏறிட்டுப் பார்க்கவும் அவனால் முடியவில்லை. "தர்மு, உன்னையும் அடிச்சுட்டேனே..." என்றான், இலையைப் பார்த்தபடி.

தர்மாம்பாள் சட்டென்று எழுந்தாள். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே அப்படியே உட்கார்ந்து ஞானாம்பாள் காலைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைப் பட்டினி போட்டது நான்தாங்க்கா! புள்ளை சோறு திங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்களும் தின்னுருப்பீங்களே... வேஷம்னு நெனைச்சேன்க்கா... என் நாக்கு அழுகிப்போக!"

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. சாம்பார் வாளியோடு வந்தவனுக்கு யார் இலையில் ஊற்றுவது என்று தெரியவில்லை. ஊற்றாமல் போகவும் மனசில்லை. பிள்ளை இலையில் ஊற்றிவிட்டுப் போனான்.

"பெரியம்மா, ஊட்டு" என்றாள் எழிலரசி.

"இந்தக் கை வேணாம்டி கண்ணு... அம்மாகிட்ட வாங்கிக்க."

தர்மாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கையைக் கழுவிவிட்டு வந்து, சாம்பார் சோற்றைப் பிசைந்து பிள்ளை வாய்க்குக் கொண்டுபோனாள். வெடுக்கென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள் ஞானாம்பாள்.

"நிறுத்துடி!"

சோற்றை மூக்கருகே இழுத்து மோந்தாள். "ஏ தம்பி, இங்க வா. சாம்பாருக்குக் கட்டிப் பெருங்காயமா போடுறீங்க?"

"ஆமாம்மா. மணக்குதுல்ல!"

"மணக்கும், மணக்கும்!" ஞானாம்பாள் இந்தப் பக்கம் திரும்பினாள். "தர்மு, கட்டிப் பெருங்காயம் மைதா சேர்த்துப் பிசையறதுடி. கும்பகோணத்துல எங்க தெருவுலதான் அதைச் செஞ்சு கட்டுவாங்க, சின்னப் புள்ளையிலேருந்து பார்த்திருக்கேன். மைதா ஆகாதுன்னாங்களே டாக்டரம்மா, காதுல விழலையா?"

தர்மாம்பாள் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. தினம் தினம் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோன ரசஞ்சோறு! அடுப்பில் கொதிக்கும்போது பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டது யார் கை?

"அப்ப... நானும்தானாக்கா?"

"நீயும்தாண்டி."

இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தர்மாம்பாளுக்கு அழுகை பீறிட்டது. "எனக்கு ஒரு எழவும் தெரியாதுக்கா. நீங்க கும்பகோணம் போயிட்டா இதையெல்லாம் எனக்கு யாரு சொல்லுவா? புள்ளையைப் பொழைக்க வைக்கணும்க்கா!"

ஞானாம்பாள் அவள் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அவளும் அழுதாள், சத்தம் போட்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் போய்க் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். சாம்பார் பட்ட இலையை எடுக்கச் சொல்லி, புது இலை போடச் சொன்னாள். வெறுஞ்சோறு, தயிர், உப்பு. பிசைந்து ஒரு வாய் எழிலரசிக்கு ஊட்டினாள். அடுத்த வாய்க்குப் பிள்ளை அவள் கையைப் பிடித்துத் திருப்பி, "நீ தின்னு பெரியம்மா" என்று அவள் வாய்க்கே தள்ளியது. மாசக்கணக்கில் தொடாத சோறு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

வெளியே, "கும்பகோணம்! கும்பகோணம்! ஏறு, ஏறு!" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினான். பஞ்சநதம் பயந்துபோய் அண்ணி முகத்தைப் பார்த்தான்.

ஞானாம்பாள் தலையைத் தூக்கவில்லை. "தம்பி, புள்ளைக்கு இன்னொரு கரண்டி தயிர் ஊத்துப்பா" என்றாள்.